எண்ணிக்கை சரி

பான் வினாய் முகாம், நான்காம் பகுதி.
தகரக் கொட்டகையில் எனக்கு மட்டும் மேசை.
ஊசி பிடிக்க வராதவள் நான்,
எழுதப் படிக்கத் தெரியும்,
அதனால் கணக்குப்பிள்ளை.

வந்திருந்த ஆர்டர்:
'மேகோங்கைக் கடத்தல்', இருபது துணி,
எல்லாம் ஒன்றுபோல.
கூடவே ஒரு கடிதம்.
பச்சை கண்ணைக் குத்துகிறது, மணல் நிறம் போடவும்.
அவர்கள் ஊர் சோபாவுக்கு
எங்கள் காடு ஒத்துப்போக வேண்டுமாம்.
பெண்கள் சிரித்தார்கள்.
பா கூ சிரித்துக்கொண்டே
பச்சை நூல்கண்டை மடியில் செருகிக்கொண்டாள்.

எங்கள் மோங் பேச்சில் இதற்குப் பூத்துணி என்று பேர்.
பூ எங்கே என்று கேட்காதீர்கள்.

மாதிரித் துணி யேர் தைத்தது.
சுற்றிலும் முக்கோணங்கள், அவை மலைகள்.
கல்யாணப் பாவாடையிலும் இதே மலைகள்தான்,
அப்போது அவற்றுக்கு விலை இல்லை.
மேலே வீடு, நெருப்பு, சிப்பாய்கள்.
நடுவில் ஆறு, மூன்று விரல் அகலம்.
இந்தக் கரையில் இறங்குகிறவர்கள் ஐந்து பேர்,
மூங்கில் கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
அந்தக் கரையில் ஏறுகிறவர்கள் நான்கு.
ஓர் ஆள் குறைகிறதே, தையல் பிழையா
என்று கேட்டாள் வாங்க வந்த வெள்ளைக்காரி.
யேர் நூலைப் பல்லால் கடித்தாள்.
மொழிபெயர்க்க நானும் மறந்துவிட்டேன்.

அளப்பது, எண்ணுவது,
திருப்பிப் போட்டு முடிச்சுப் பார்ப்பது,
'சரி' என்று நோட்டில் எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை.
பிழை என்றால் பாதிக் கூலி.
சட்டம் நாங்களே போட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று.
ஒவ்வொரு துணியிலும் யேரின் புருஷன்
கரை சேராமல் போனான்.
ஒன்பதாவது முடிந்த அன்று பன்றிக்கறி வாங்கினாள்.
பத்தாவதில் மகனுக்கு ரப்பர் செருப்பு.
பதிமூன்றில் ஒரு மூக்குக்கண்ணாடி,
சந்தையில் நாலைந்தைப் போட்டுப் பார்த்து எடுத்தது,
வலது காதுக்கு வெறும் கம்பி.

கண்ணாடி வந்த பிறகுதான்
பதினான்காவது துணி.
அந்தக் கரையில் ஐந்து பேர்.

விரலை வைத்து எண்ணினேன்.
திருப்பிப் போட்டு முடிச்சுகளை எண்ணினேன்.
ஐந்தாவது ஆள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பெரியவன்,
நனைந்த தலைக்குக் கறுப்பு நூல் இரட்டையாக.
ஒரு கால் இன்னும் நீலத்துக்குள்.

"பிழை இருக்கா?"
நிமிராமல் கேட்டாள்.
வெளியே தண்ணீர் லாரி வந்திருந்தது,
வாளிகள் மோதிக்கொள்ளும் சத்தம்.
"இல்லை" என்றேன்.
சரி.
முழுக் கூலி, தொண்ணூறு பாட்.

மூட்டை போய்விட்டது.
எந்த ஊர்ச் சுவரில் தொங்குகிறானோ,
புகார் எதுவும் வரவில்லை.
அடுத்த ஆர்டரில் மாய் சூவின் எருமை
நீந்திக் கரையேறியிருந்தது.
பா கூ எரிகிற வீட்டில்
நெருப்பை மட்டும் தைக்க மறந்திருந்தாள்,
மடியிலிருந்த பச்சை
கூரைக்குப் பின்னால் ஒரு வாழை.
இருபதுக்கு ஒன்று.
அதற்கு மேல் யாரும் ஆசைப்படவில்லை.
நோட்டில் எங்கும் நான் குறிக்கவில்லை.

நேற்று எல்லாரும் போன பின்
யேரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
எனக்கு ஒன்று தைத்துத் தா,
கூலி கொடுத்துவிடுகிறேன்.
கூலி வேண்டாம், நூல் வாங்கி வா என்றாள்.
எத்தனை பேர்?
மூன்று.
பெரியவன் சட்டை என்ன நிறம்?

இத்தனை துணிகளின் முடிச்சுகளை எண்ணியவளுக்கு
அது தெரியவில்லை.
நாங்கள் இறங்கியது அமாவாசையில்.
நீலம் என்று சொல்லிவைத்தேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
நீலம் ஆற்றுக்கே பற்றவில்லை, என்றாள்,
வேறு சொல்.